பொட்டு வரைக்கும் தண்ணீர்

சனிக்கிழமை காலை, ஒரு பள்ளி மைதானத்தில் தண்ணீர் ராக்கெட் போட்டி. கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் சுற்று ஏமாற்றம்தான். ‘டுப்’ என்றொரு சத்தம், சட்டை நனைந்த நாலு பேர், அண்ணாந்து பார்ப்பதற்குள் பாட்டில் எங்கேயோ போய்விடுகிறது. யார் எங்கே கோட்டை விட்டார்கள் என்று பிடிபடவே எனக்கு மூன்று சுற்று ஆனது.

ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் தோள்பலத்தை நம்பினார்கள். இரண்டு லிட்டர் சோடா பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர். சைக்கிள் பம்பில் ஆள் மாற்றி ஆள் அடித்தார்கள். தென்னையின் பாதி உயரம்கூடப் போகவில்லை, மிச்சத் தண்ணீரோடு தொப்பென்று விழுந்தது. தண்ணீரைத் தள்ளுவது உள்ளே அடைபட்ட காற்று. அதற்குக் கால் பாட்டில் இடம்தான் கொடுத்தால், வேலை முடியும் முன்பே அது சோர்ந்துவிடும். அடுத்த முறை ரோஷத்தில் தண்ணீரே ஊற்றாமல் விட்டார்கள். எடையே இல்லாத மாதிரியான காற்றை உதைத்துவிட்டு எவ்வளவு எழும்ப முடியும்?

எட்டாம் வகுப்புப் பெண்கள் அணி ஆடியது வேறு ஆட்டம். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 650 மில்லி அளந்து ஊற்றி, மட்டம் நின்ற இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. பிறகு ஒவ்வொரு முறையும் பொட்டு வரைக்கும்தான். காற்றழுத்தத்தை மாற்றாமல் தண்ணீரை மட்டும் கூட்டிக் குறைத்து முந்தைய வாரமே விட்டுப் பார்த்து, நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள்.

மீட்டர் காட்டியது 60 பவுண்டு. கணக்குப் போட்டால், அந்த அழுத்தத்தில் பாட்டில் வாயிலிருந்து தண்ணீர் மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் பீய்ச்சியடிக்கும். சுழற்பந்து வீச்சாளரின் வேகப் பந்து மாதிரி. ஒரு கிலோகூட இல்லாத பாட்டிலை மேலே தள்ளும் விசை, தொடக்கத்தில் 30 கிலோ எடைக்குச் சமம். அத்தனையும் பத்தில் ஒரு விநாடிக்குள் தீர்ந்துவிடும். 2009-ல் பெர்லினில் 9.58 விநாடி ஓடிய உசைன் போல்ட், துப்பாக்கிச் சத்தம் கேட்டு அசையவே 0.146 விநாடி எடுத்தார்!

அதன் பிறகு எல்லாம் மூக்கும் வாலும்தான். மூக்கு கனமாக, வால் அகலமாக இருந்தால் நேராகப் போகும். பெண்கள் மூக்கில் களிமண் அப்பி, ராக்கெட்டின் நடுப்பாரத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினார்கள். மூக்கு முந்தியது, மைதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். பையன்களுடையது ஆகாயத்திலேயே குட்டிக்கரணம் அடித்தது.

சாதாரணத் தண்ணீர் பாட்டிலோடு வந்த ஓர் அணியை நடுவர் திருப்பி அனுப்பினார். சரியான தீர்ப்பு. மெல்லிய பாட்டில் வெடித்தால் விளையாட்டு இல்லை. 2015-ல் கேப்டவுன் பல்கலைக்கழக மாணவர்கள் 830 மீட்டர் உயரத்துக்கு அனுப்பிய தண்ணீர் ராக்கெட்டின் உடம்பு கார்பன் இழை.

எனக்கு ஒரே மனக்குறை, உயரத்தை நடுவர்கள் கண்ணால் மதிப்பிட்டது. பாகைமானியில் நூலும் ஒரு நட்டும் தொங்கவிட்டு, 50 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் போதும். 45 டிகிரி காட்டினால் உயரம் 50 மீட்டர், கூடவே பார்ப்பவரின் கண் மட்டம். அதையும் அந்தப் பெண்கள்தான் செய்து கொண்டுவந்திருந்தார்கள். நடுவர் வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்துவிட்டார்.