தூரிகையும் பேரேடும்

கலைஞனுக்குக் கணக்கு வராது என்பது தமிழரிடையே நெடுநாளாக வழங்கிவரும் எண்ணம். ஓவியனைப் போற்றுவோர்கூட அவனை உலக விவரம் அறியாதவன் என்று சொல்லியே போற்றுவர். அவன் வரைய வேண்டும். விலை சொல்வதும் விற்பதும் பிறர் வேலை. இவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிய முயற்சி ஒன்று தமிழகத்திலேயே நிகழ்ந்தது. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடலோரத்தில், 1966ஆம் ஆண்டு தோன்றிய சோழமண்டலம் ஓவியர் கிராமமே அது. அங்கே பிறந்த ஓவியங்களை ஆராய்ந்தோர் பலர். அக்கிராமம் நடந்த முறையை ஆராய்ந்தோர் சிலரே. குறை திறனாய்வாளருடையது.

கிராமத்தை முன்னின்று அமைத்தவர் கே. சி. எஸ். பணிக்கர். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த அவர், திறமை மிக்க மாணவர் பலர் படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கைவிடுவதைக் கண்டார். செல்வர்களிடம் நன்கொடை கேட்டு நிற்பது ஒரு வழி. அவரும் இளைஞர்களும் வேறு வழியைத் தேர்ந்தனர். கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, பாத்திக் துணிகளைச் செய்து விற்றனர். அவ்வருவாயே ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலமாயிற்று. ஏறக்குறைய நாற்பது கலைஞர் அம்முயற்சியில் சேர்ந்தனர்.

மலேசிய வாசகருக்குப் பாத்திக் புதிதன்று. உருக்கிய மெழுகால் கோடிட்டு, துணியைச் சாயத்தில் தோய்த்து, பின் மெழுகை நீக்கும் அக்கலை சாவகத்திலும் இந்நாட்டிலும் தழைத்தது. கடல் கடந்த அக்கைத்தொழிலே சோழமண்டலத்து ஓவியனுக்கு வீடும் வேலைக்கூடமும் தந்தது என்பது எண்ணி மகிழத்தக்க செய்தி.

மஸ்ஜித் தானா, அலோர் காஜா வட்டாரத் தமிழருக்குக் கூட்டுடைமை என்ற கருத்தும் புதிதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வாழ்விடமிழந்த காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவியவர்களின் சிறு சேமிப்பு சேர்ந்து தோட்டங்களை வாங்கியது. இரு முயற்சிகளுக்கும் வேர் ஒன்றே: உழைக்கும் இடம் உழைப்பவனுக்கு உரியதாக வேண்டும் என்னும் வேட்கை.

ஆயினும் ஒப்புமை ஓரளவே செல்லும். தோட்டத்துப் பாலை நிறுத்துக் கணக்கெழுதலாம். எவர் வாளியில் வந்தது என்பதால் அதன் விலை மாறுவதில்லை. ஓவியமோ பெயரால் விலை பெறுவது. நாற்பது பேருக்கும் சங்கத்தில் ஒரே உரிமை இருக்கலாம்; நாற்பது பேருக்கும் ஒரே புகழ் கிடைக்குமா? கூடத்தில் எவர் படம் வாயிலருகே தொங்குவது, எவர் படம் மூலையில் தொங்குவது என்ற கேள்வி எழும்போதே கூட்டுறவின் உண்மைச் சோதனை தொடங்குகிறது.

அச்சோதனையைத் தொடக்க ஆண்டுகளில் தாங்கி நின்றது பாத்திக் துணிதான். துணி வாங்க வந்தவர் பெயரைத் தேடி வரவில்லை. பெயர் வேண்டாத உழைப்பு பொதுப்பணியை நடத்தியது. பெயருக்குரிய படைப்பு அவரவர் தனியறையில் வளர்ந்தது. பிழைப்பும் கலையும் இவ்வாறு பிரிந்து நின்றதால், வாங்குவோர் விருப்பத்துக்காகப் படத்தை மாற்ற வேண்டிய நெருக்கடி குறைந்தது. பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்கள் எளிதில் விலைபோகும் வகையைச் சேர்ந்தவையல்ல. எழுத்தும் எண்ணும் சோதிடக் கட்டமும் போன்ற குறிகள் நிறைந்த அவற்றை ஒருவர் அச்சமின்றித் தொடர்ந்து வரைய முடிந்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் எனலாம். பின்னாளில் ஓவியங்களும் சிற்பங்களும் விற்கத் தொடங்கின; கைவினையின் பங்கு குறைந்தது. அது வெற்றிதான். ஆனால் நாற்பது கைகளையும் ஒரே சாயத்தொட்டியருகே நிறுத்திய கட்டு அதனாலேயே தளர்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

கூட்டுறவால் இயலாததும் உண்டு. கே. இராமானுசம் அங்கு வாழ்ந்தவர். மைக்கோடுகளால் விந்தை மாளிகைகளையும் பறக்கும் உருவங்களையும் படைத்த அவர், உலகோடு ஒட்டி வாழ இயலாமல் துன்புற்றார். கிராமம் அவருக்கு இடமளித்தது, வரையவும் ஊக்கியது. எனினும் 1973இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கூரையும் தோழமையும் தர ஒரு சங்கத்தால் இயலும். அதற்கு அப்பாலுள்ள தனிமையை எந்த விதிமுறை நூலும் தொட்டதில்லை.

பணிக்கர் 1977இல் மறைந்தார். தலைவர் போனதும் இத்தகைய அமைப்புகள் சிதறுவதே வழக்கம். சோழமண்டலம் சிதறவில்லை. 2009இல் அங்கே சமகாலக் கலை மையம் திறக்கப்பட்டு, சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகள் நிலையான காட்சியாக வைக்கப்பட்டன. அதற்கு உழைத்தவர்களுள் முதன்மையானவர் பணிக்கரின் மகனும் சிற்பியுமான எஸ். நந்தகோபால். அவரும் 2017இல் மறைந்தார். கடற்கரைச் சாலையின் நிலமதிப்போ ஓவிய விலையை விஞ்சி உயர்ந்துவிட்டது. தந்தையின் தொழிலை மகனும் மேற்கொண்டது நந்தகோபாலின் செய்தி. எல்லா வீட்டிலும் அவ்வாறு நிகழ்வதில்லை. கலைஞனாக இருந்ததால் ஒருவன் பெற்ற மனை, கலைஞரல்லாத வாரிசின் கைக்கு வரும்போது அதில் சங்கத்துக்கு உள்ள உரிமை எவ்வளவு என்பதுதான் இவ்வகைக் கிராமம் ஒவ்வொன்றும் தன் பேரேட்டில் எழுதியாக வேண்டிய அடுத்த கணக்கு.