பென்டிரைவை மீட்கும் ஃபோட்டோரெக்: ஃபைல் வரும், பெயர் வராது

பென்டிரைவைச் செருகியதும் 'ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று விண்டோஸ் கேட்டால் கேன்சலை அழுத்துங்கள். விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோஸில் முழு ஃபார்மேட் கொடுத்தால் டிரைவ் முழுக்கப் பூஜ்யம் எழுதப்பட்டுவிடும். அதற்குப் பிறகு எந்த மென்பொருளாலும் எதையும் எடுக்க முடியாது. விண்டோஸின் டிஸ்க் பிழை திருத்தும் செக்டிஸ்க்கையும் இப்போது ஓட்ட வேண்டாம்.

பொங்கலூரில் சித்தப்பா நடத்தும் எம்பிராய்டரி யூனிட்டில், கெட்டுப்போன பென்டிரைவை மீட்க, கடந்த சில வாரங்களாக ஃபோட்டோரெக்கோடுதான் இருக்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப்வொர்க். பஞ்சிங் போட்டு (படத்தை மெஷினுக்கான தையல் ஃபைலாக மாற்றி) வாங்கிய டிசைன், டிஎஸ்டி ஃபைலாக, பென்டிரைவில்தான் மெஷினுக்குப் போகிறது. டிரைவ் படுத்துவிட்டால் பஞ்சிங் போட்டவரிடம் மூல ஃபைல் இருக்கிறதா என்று கேட்கலாம். இரண்டு சீசன் கழித்து ரிப்பீட் ஆர்டர் வரும்போது அவரிடமும் இருக்காது. மறுபடி பஞ்சிங் போட்டால் பழைய பீஸோடு அச்சு அசலாக ஒத்துப்போகும் என்று யாரும் உறுதி தர முடியாது. பையர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

ஃபோட்டோரெக், பிரான்சின் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இலவச, திறந்த மூல மென்பொருள். பெயரில்தான் போட்டோ, நூற்றுக்கணக்கான ஃபைல் வகைகளை எடுக்கும். இன்ஸ்டால் தேவையில்லை, ஜிப்பைப் பிரித்து ஓட்டினால் போதும். கறுப்புத் திரையும் அம்புக்குறிகளும் பிடிக்காதவர்களுக்கு உடன் வரும் கியூஃபோட்டோரெக் இருக்கிறது. தொலைந்த ஃபைலை எல்லாம் பட்டியலிட்டுக் காட்டி ஆசை மூட்டிவிட்டு, சேமிக்கப் போகும்போது காசு கேட்கும் மென்பொருள்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. ஆர்டர் நெருக்கடியில் இருப்பவரிடம் அப்படிச் செய்யக் கூடாது. ஃபோட்டோரெக் அந்த வேலையைச் செய்வதில்லை.

ஆனால் பெயர் வராது. மீட்டதை எல்லாம் ஐந்நூறு ஐந்நூறாக ஃபோல்டர்களில் கொட்டி, ஒவ்வொன்றுக்கும் 'எஃப்' என்ற எழுத்தும் ஒரு நீள எண்ணும் வைத்துவிடும். "கண்ணு, இதுல நம்ம சிங்கம் லோகோ எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று சித்தப்பா கேட்டது நியாயமான கேள்வி. பெயரும் ஃபோல்டரும் ஃபைல் சிஸ்டத்தின் பதிவேட்டில்தான் இருக்கின்றன. பதிவேடு கெட்ட டிரைவில் ஃபோட்டோரெக் அதை நம்பாமல், ஒவ்வொரு ஃபைல் வகைக்கும் உரிய தொடக்க அடையாளத்தைத் தேடிக்கொண்டே போகிறது. கிடைத்த இடத்தின் செக்டர் எண்தான் அந்த நீள எண். அதனால் ஒரே வேளையில் காப்பி செய்தவை பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் வரும். இது ஓரளவு உதவும். ஆயிரக்கணக்கான ஃபைல்களுக்கு நடுவே ஓரளவு போதாது.

டிஎஸ்டி ஃபைலின் அமைப்புதான் இங்கே எங்களைக் காப்பாற்றியது. அதன் முதல் 512 பைட்டுகள் தலைப்புப் பகுதி. 'எல்.ஏ.' என்ற இரண்டு எழுத்தும் முக்காற்புள்ளியுமாகத் தொடங்கும். அதை ஒட்டி, பதினாறு எழுத்துக்குள் டிசைனின் பெயர். அடுத்து ஸ்டிச் எண்ணிக்கை, கலர் மாற்றங்கள், டிசைனின் நீள அகலம். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். ஃபோட்டோரெக்கிலும் நாமே அடையாளம் எழுதிக் கொடுக்க வசதி இருக்கிறது: ஃபோட்டோரெக் டாட் சிக் என்ற சிறு டெக்ஸ்ட் ஃபைலில் எக்ஸ்டென்ஷன், ஒரு பூஜ்யம், மேற்கோளுக்குள் அந்த மூன்று எழுத்து. ஒரே வரி. ஃபைல் வகைப் பட்டியலில் 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்கக் கூடாது.

சில டிசைன்களில் பெயர் இடம் காலியாக இருந்தது. அங்கே பில் புத்தகம் கை கொடுத்தது. எம்பிராய்டரி கூலி ஆயிரம் ஸ்டிச்சுக்கு இவ்வளவு என்று போடப்படுவதால், எந்த லோகோவுக்கு எத்தனை ஸ்டிச் என்று சித்தப்பா எழுதி வைத்திருந்தார். தலைப்பில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டால் போதும், சிங்கம் அகப்பட்டுவிட்டது. இப்படி எடுக்கும் ஃபைலின் வாலில் வேறு குப்பையும் ஒட்டி வரும். ஒரு ஸ்டிச்சுக்கு மூன்று பைட் என்பதால் 12,000 ஸ்டிச் டிசைன் ஏறத்தாழ 36,500 பைட்தான், மீதியை வெட்டிவிடலாம். இவ்வளவு சிறிய ஃபைல்கள் டிரைவில் துண்டு துண்டாகச் சிதறியிருப்பதும் அரிது. துண்டானதை ஒட்டுவதில் ஃபோட்டோரெக் பலவீனம். பெரிய வீடியோக்களில் அது தெரிகிறது.

ஃபோட்டோரெக்கைத் தொடுமுன் அதே ஜிப்பில் உள்ள டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டிப் பாருங்கள். ஃபேட்32 டிரைவில் பூட் செக்டருக்கு ஒரு நகல் வழக்கமாக ஆறாவது செக்டரில் இருக்கும். கெட்டது முதல் செக்டர் மட்டும் என்றால் டெஸ்ட்டிஸ்க் அந்த நகலைக் கொண்டு ஃபைல்களைப் பெயரோடும் ஃபோல்டரோடும் காட்டிவிடும். அங்கிருந்தே வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்துகொள்ளலாம். மீட்ட எதையும் அதே பென்டிரைவில் சேமிக்கக் கூடாது. படிக்கும்போதே அடிக்கடி துண்டித்துக்கொள்ளும் டிரைவாக இருந்தால், லினக்ஸில் டிடிரெஸ்கியூ கொண்டு முழு டிரைவையும் ஒரு இமேஜாக எடுத்து, அந்த இமேஜில் மீட்பு வேலையைச் செய்யுங்கள். விட்ட இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு தொடரும் கருவி அது.

எம்பிராய்டரி யூனிட் வைத்திருப்பவர்களுக்கு என் சிபாரிசு ஃபோட்டோரெக்தான்; பில் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். டிரைவின் அளவே பூஜ்யம் என்று காட்டினால் பழுது பெரும்பாலும் உள்ளே இருக்கும் கண்ட்ரோலரில். அதற்கு எந்த மென்பொருளும் உதவாது, சிப்பைக் கழற்றிப் படிக்கும் லேபுக்குத்தான் போக வேண்டும். போகுமுன் அங்கே ஆகும் செலவையும் மறு பஞ்சிங் கூலியையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு லோகோவுக்கு என்றால் நான் பஞ்சிங்குக்குத்தான் கொடுப்பேன்.