கூல்: பாலையிலிருந்து கல்லறைக்கு

பிணந்தின்னும் ‘கூல்’ அரபுக் கற்பனையின் பிள்ளை என்றே மேலை வாசகர் பலரும் எண்ணுகின்றனர். பண்டை அரபியர் அறிந்த கூலோ செத்துப் பிழைத்ததன்று. பாலையில் வழிப்போக்கரைத் திசைதிருப்பி மாய்க்கும் ஜின்னினம். எவ்வுரு எடுப்பினும் அதன் பாதம் கழுதைக் குளம்பாகவே எஞ்சும் என்பர்.

அந்துவான் கலான் 1704 முதல் 1717 வரை பிரெஞ்சில் வெளியிட்ட ஆயிரத்தொரு இரவுகளில்தான், சோற்றைப் பருக்கை பருக்கையாகக் கொறிக்கும் ஆமினா, இரவில் கல்லறையில் கூலோடு அமர்ந்து பிணம் தின்கிறாள். இக்கதைக்கு முந்திய அரபு மூலம் எதுவும் கிடைத்திலது. 1709இல் பாரிஸில், ஹலபு நகரத்து ஹன்னா தியாப் சொல்லக் கலான் கேட்டது அது. பிணந்தின்னலைச் சேர்த்தவர் கலானே என்கிறார் அஹ்மத் அல்-ராவி (2009). சொன்னவரின் முழு வாய்மொழி நம்மிடம் இல்லாதபோது இத்துணை உறுதி கூடுமோ?

பின்னர் லவ்கிராஃப்ட் கூல்களுக்குக் கூட்டுவாழ்வும், மொழியும், மனிதக் குழந்தைகளை மாற்றிவைக்கும் வழக்கமும் வகுத்தார். ரொமேரோவின் 1968ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் எழுந்து நடக்கும் பிணங்களுக்கே அப்பெயர் வாய்த்தது. இனமே மாறிற்று, பெயர் மட்டும் அரபு.

ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி கூலை மறுக்கிறது. மறுக்கப்படுவது அதன் இருப்பா, உருமாறி வழிகெடுக்கும் ஆற்றலா என்பதில் அறிஞர் வேறுபட்டனர். 869 அளவில் மறைந்த ஜாஹிள், தம் ஆசிரியர் நள்ளாமின் விளக்கத்தைக் ‘கிதாபுல் ஹயவானில்’ பதிந்துள்ளார்: பாலைத் தனிமையில் நெடிது உழல்பவனின் மனம் சிறியதைப் பெரிதாகக் காணும், கண்டதை அவன் கவிதையாக்குவான், அதைக் கேட்டு வளரும் பிள்ளைகள் நம்புவர். கலானுக்கு எட்டு நூற்றாண்டுகள் முந்திய பக்கம் இது.