பாசறையும் படைப்பும்

பேராதனைத் தாவரவியற் பூங்காவில் உலாவுவோருட் பலர் அது ஒருகாலத்திற் போர்த் தலைமையகமாக விளங்கியதை அறியார். 1944ஆம் ஆண்டில் மவுண்ட்பேற்றனின் தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் கண்டிக்கு இடம்பெயர்ந்தபோது, அதன் அலுவலகங்கள் இப்பூங்காவிலேயே அமைந்தன. பர்மாப் போர் இம்மரநிழலிலிருந்தே நெறிப்படுத்தப்பட்டது. இத்தகைய இடமொன்றிற் கலைஞன் செய்யத்தக்கது யாது? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு அமெரிக்காவில் மேற்கொள்ளப்பட்ட இரு முயற்சிகள் துணைபுரியும்.

ரெக்சாஸ் மாநிலத்தின் மார்பா நகரிலிருந்த படைமுகாம் 1946இல் மூடப்பட்டது. அங்கிருந்த பீரங்கிக் கொட்டகைகள் இரண்டில் டொனால்ட் ஜட் 1982 முதல் 1986 வரை நூறு அலுமினியப் பெட்டிகளை நிறுவினார். அவை புறவளவில் ஒன்றே. உள்ளமைப்பிலோ ஒவ்வொன்றும் வேறு. கதவுகள் இருந்தவிடத்து அவர் பொருத்திய கண்ணாடிச் சாளரங்களினூடே பாலைவன வெயில் நுழைந்து, பொழுதுக்குப் பொழுது உலோகத்தின் இயல்பையே மாற்றுகின்றது. இடமும் படைப்பும் பிரிக்கவொண்ணாதவாறு இணைந்துள்ளன. எனினும் இவ்விணைவு கட்டடத்தோடும் ஒளியோடும் மட்டுமே நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அம்முகாமிலிருந்த ஜேர்மனியக் கைதிகளுக்காக எழுதப்பட்ட அறிவிப்புகளைச் சுவரில் அழியாது விட்டார் ஜட். ஆயின் அவற்றோடு பெட்டிகள் எதுவும் பேசுவதில்லை.

சான் பிரான்சிஸ்கோவுக்கு அண்மையில், பாரிக் கோட்டையில் 1982இல் தோன்றிய ஹெட்லண்ட்ஸ் கலை நிலையம் கலைஞர் தங்கிப் பணிபுரிவதற்கானது. 1986இல் அங்கு பணிபுரிந்த டேவிட் அயர்லாந்து புதிதாக எதனையும் நாட்டவில்லை. படைவீரர் குடியிருப்பின் சுவர்களிலும் கூரையிலும் படிந்திருந்த வண்ணப் படைகளைச் சுரண்டியெடுத்தார். அங்கு வாழ்ந்தோரின் காலம் கண்ணுக்குப் புலனாயிற்று. ஜட்டின் படைப்பு அழகாற் சிறந்ததெனினும், இடத்தின் மானிட வரலாற்றுக்கு அணுக்கமானது அயர்லாந்தின் செயலே எனலாம்.

ஆயினும் பேராதனைக்கு அதுவும் போதாது. இங்கு சுரண்டியெடுக்கச் சுவரில்லை, புற்றரையே உண்டு. மேலும், இவ்விடத்தின் வரலாறு இவ்விடத்தோடு அடங்குவதன்று. இங்கு விரிக்கப்பட்ட போர்ப்படங்களில் பர்மாவும் மலாயாவும் அடங்கின. 1942-43இல் யப்பானியப் படை அமைத்த 415 கிலோமீற்றர் நீளமான சயாம்-பர்மா இரயில் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராய் மடிந்தனர். கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் உழைப்போரின் முன்னோரைப் போலவே, அவர்கள் வழிவந்ததும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்துதான். தளபதிகளின் பெயர்களை வரலாற்று நூல்கள் பேணிவைத்துள்ளன. அத்தொழிலாளருட் பெரும்பாலோர் பெயரும் எஞ்சவில்லை.

ஆகவே, இப்பூங்காவில் எழும் எந்தப் படைப்பும் மரங்களுக்கு இசைந்த அழகிய உருவாக நின்றுவிடின், அது மறதிக்கே துணைபோவதாகும். இடத்தைச் சார்ந்த கலை என்பது இடத்துக்குப் பொருந்தும் கலை மட்டுமன்று. அவ்விடம் யாரை மறந்ததோ அவருக்கும் பொறுப்புக் கூறும் கலையாகும்.