ஊசியும் ஸ்பானரும்

பெண்களும் சைக்கிளும் என்று யார் எழுதினாலும் முதல் பத்தியிலேயே சூசன் பி. ஆண்டனி வந்துவிடுகிறார். பெண்விடுதலைக்கு வேறெதையும்விட அதிகம் செய்தது சைக்கிள்தான் என்று 1896இல் ஒரு நாளிதழ்ப் பேட்டியில் அவர் சொன்ன கருத்து இன்று போஸ்டரிலும் துணிப்பையிலும் காபிக் கோப்பையிலும் ஏறிவிட்டது. அந்தக் கருத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அதை எடுத்தாள்கிறவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் குறை. ‘சைக்கிள் பெண்ணை விடுவித்தது’ என்ற வாக்கியத்தில் எழுவாய் சைக்கிள், பெண் செயப்படுபொருள். ஊர் போய்ச்சேர இன்னும் ஆறு மைல் இருக்கும்போது பின்சக்கரம் பஞ்சரானால் அந்த வாக்கியம் என்ன ஆகும்?

இதைக் கேட்ட புத்தகம் ஒன்று அதே 1896இல் நியூயார்க்கில் வெளிவந்தது. மரியா இ. வார்டு எழுதிய ‘பைசிக்ளிங் ஃபார் லேடீஸ்’. ஸ்டேட்டன் ஐலண்டைச் சேர்ந்தவர் வார்டு. அவருடைய தோழியும் பின்னாளில் பெரிதாகப் பேசப்பட்ட புகைப்படக்காரருமான ஆலிஸ் ஆஸ்டின், டெய்சி எலியட் என்ற ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையை சைக்கிளில் ஏறவும் இறங்கவும் வைத்துப் படம் பிடித்தார். அந்தப் படங்களிலிருந்துதான் புத்தகத்தின் விளக்கப்படங்கள் வந்தன. எழுதியவர், படமெடுத்தவர், படத்தில் இருப்பவர் மூவரும் பெண்கள். ஆனாலும் நம் வரலாற்றுக் கட்டுரைகளில் இந்தப் புத்தகம் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே வருகிறது.

காரணம், அதற்கு முந்தைய வருடம் வந்த இன்னொரு புத்தகம் என்று நினைக்கிறேன். மதுவிலக்கு இயக்கத் தலைவி ஃபிரான்சிஸ் வில்லார்டு 53 வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டு, தன் வண்டிக்கு ‘கிளாடிஸ்’ என்று பெயர் வைத்து, அந்த அனுபவத்தைச் சிறு நூலாக எழுதினார். படிக்க இனிமையான நூல். தடுமாற்றம், பயம், பிடித்துக்கொள்ளும் தோழிகள், கடைசியில் சமநிலை: எல்லாமே வாழ்க்கைக்கு உவமை ஆகிவிடுகின்றன. மேற்கோள் காட்ட வசதியான புத்தகம். வில்லார்டின் சைக்கிளில் சக்கரம் காலத்தைக் குறிக்கும், ஹேண்டில்பார் மனவுறுதியைக் குறிக்கும். வார்டின் சைக்கிளில் ஹேண்டில்பார் ஹேண்டில்பார்தான். அதன் நட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார், இறுக்கு.

எனக்கு வார்டுதான் தீவிரமானவராகத் தெரிகிறார். ‘பெண்களும் கருவிகளும்’ என்று ஓர் அத்தியாயம், அடுத்து கருவிகளைக் கையாளும் முறை பற்றி இன்னொன்று. அதில் அவர் வைக்கும் வாதம் எளிமையானது: ஊசியும் கத்தரிக்கோலும் பிடிக்கத் தெரிந்த கைக்கு மற்றக் கருவிகளும் வசப்படும். யோசித்துப் பார்த்தால் இது அந்தக் காலத்தின் அஸ்திவாரத்தையே ஆட்டும் வாதம். பெண்ணின் கைக்குத் திறமை இல்லை என்று யாருமே சொன்னதில்லை. பொத்தான் துளை எடுக்கும் நுணுக்கத்தைப் பாராட்டிக்கொண்டே, அதே கையில் ஸ்பானர் நிற்காது என்றார்கள். திறமை ஒன்றுதான், அதற்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று வார்டு காட்டிவிடுகிறார். வீட்டுக்குள் இருந்தால் ‘கைவேலை’, வெளியே வந்தால் ‘மெக்கானிக்கல்’. தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டு, பெல்ட் மாட்டி, டென்ஷன் சரிசெய்யும் நம் அம்மாக்களை யாராவது மெக்கானிக் என்று அழைத்ததுண்டா?

இந்த இடத்தில் வார்டைக் கொஞ்சம் நிறுத்தித் திருப்பிக் கேட்கவும் வேண்டும். தலைப்பிலேயே ‘லேடீஸ்’ இருக்கிறது. அன்று ஒரு நல்ல சைக்கிள் 100 டாலர் வாக்கில் விற்றது. அது தையல்வேலை செய்து பிழைக்கும் பெண்ணின் பல வாரக் கூலி. வார்டின் வாதத்தில் வரும் ஊசி ஓய்வு நேரத்தில் பூவேலை செய்யும் ஊசி. கூலிக்குத் தைக்கும் ஊசியைப் பற்றி அவர் எழுதவில்லை.

அப்படி ஒருத்தி அதே சமயத்தில் பாஸ்டனில் இருந்தாள். கிட்டி நாக்ஸ். 1874இல் பிறந்த கலப்பினப் பெண், தொழில் தையல். 1893இல் அமெரிக்க சைக்கிள் ஓட்டிகள் சங்கத்தில் உறுப்பினரானாள். அடுத்த வருடமே அந்தச் சங்கம் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதியைத் திருத்தியது. 1895 ஜூலையில் ஆஸ்பரி பார்க்கில் நடந்த சங்கக் கூட்டத்துக்கு, தானே தைத்த அரைக்கால்சட்டை உடையில், பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் அவள் போய் இறங்கினாள். அவளுடைய உறுப்பினர் அட்டை செல்லுமா என்பது பத்திரிகைச் செய்தியானது. விதி வருவதற்கு முன்பே சேர்ந்தவள் என்பதால் அவளை நீக்க முடியவில்லை. 1900இல், 26 வயதில், இறந்துபோனாள். புத்தகம் எதுவும் எழுதவில்லை. ஆனால் ஊசியிலிருந்து சைக்கிளுக்கு என்ற வார்டின் வாதத்தை, வார்டு எழுதி முடிப்பதற்கு முன்பே வாழ்ந்து காட்டியவள் அவள்தான். வார்டின் உடை அத்தியாயத்தை நாக்ஸின் உடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். முதலாவது எதை உடுத்தலாம் என்று ஆலோசனை சொல்கிறது. இரண்டாவதைத் தைத்தவளுக்கு ஆலோசனை சொல்ல யாரும் இருந்திருக்கப்போவதில்லை.

நாக்ஸின் வண்டியில் பார் இருந்தது என்பதைச் சும்மா சொல்லவில்லை. சைக்கிள் சட்டகத்தின் பலம் முக்கோணத்தில் இருக்கிறது. சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே போகும் மேல்பாரை எடுத்துவிட்டால் முக்கோணம் உடைந்துபோகிறது. அந்தப் பலத்தை ஈடுகட்ட இன்னொரு குழாய் சேர்க்க வேண்டும், அல்லது இருப்பதைத் தடிமனாக்க வேண்டும். இரண்டு வழியிலும் எடை கூடும். ‘லேடீஸ் சைக்கிள்’ என்பது பாவாடையை அளவெடுத்துச் செய்த வண்டி, உடம்பை அளவெடுத்ததல்ல. குட்டையான பெண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் ஹேண்டில் இருக்கிறதா, விரல் எட்டி பிரேக்கைப் பிடிக்கிறதா என்பதெல்லாம் பாரைக் கழற்றுவதால் தீராத பிரச்சினைகள். அவற்றைப் பொறியியல் கேள்வியாக எடுத்துக்கொண்டவர் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர் ஜார்ஜீனா டெர்ரி. உயரம் குறைந்த பெண்களுக்காக முன்சக்கரத்தைச் சிறிதாக்கி ரோடு சைக்கிள் செய்து அவர் தன் கம்பெனியைத் தொடங்கியது 1985இல்! வார்டின் புத்தகம் வந்து கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் கழித்து.

நம் ஊர் லேடீஸ் சைக்கிளின் ஃபுல் செயின் கவரையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன். பாவாடையோ சேலையோ செயினில் சிக்கக் கூடாது என்று தகரத்தால் முழுக்க மூடிய பெட்டி அது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஜென்ட்ஸ் வண்டியில் செயின் கழன்றால் ஒரு குச்சியை வைத்துப் பல்சக்கரத்தில் ஏற்றி, பெடலைப் பின்னால் சுற்றினால் ஒரு நிமிடத்தில் மாட்டிவிடும். ஃபுல் கவருக்குள் கழன்றால் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் கையே நுழையாது. வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குத்தான் போக வேண்டும். உடையைக் காப்பாற்றச் செய்த பொருள், வண்டியை அவள் கையிலிருந்து பிடுங்கிக் கடைக்காரர் கையில் கொடுத்துவிடுகிறது.

நான் பாடம் எடுக்கும் வகுப்பில் ஒருமுறை பேச்சு இந்தப் பக்கம் திரும்பியது. பள்ளியில் அரசு தந்த சைக்கிளில் வருடக்கணக்காகப் போய்வந்த பெண்கள் பலர் இருந்தார்கள். பஞ்சர் ஒட்டத் தெரிந்தவள் ஒருத்திதான். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தாராம். “எனக்குச் சொல்லித்தரல மேடம், அண்ணனுக்குச் சொல்லித்தந்தார். நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்” என்றாள். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிப்பது, உப்புத்தாளால் தேய்ப்பது, சொல்யூஷன் தடவிக் காயவிடுவது, ஒட்டை வைத்து அழுத்துவது என்று வரிசையாகச் சொன்னாள். காய்வதற்கு முன் ஒட்டினால் பிய்ந்துவிடும், அவசரப்படக் கூடாது என்றாள். வகுப்பே வாய் திறந்து கேட்டது. வார்டு அங்கே இருந்திருந்தால் நோட்டு எடுத்திருப்பார்.

லேடீஸ் சைக்கிள் வேண்டாம் என்று பெண்களே முடிவெடுத்த தருணங்கள் வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனி லண்டன்டெர்ரி என்ற பெயரில் உலகம் சுற்றக் கிளம்பிய ஆனி கோப்சோவ்ஸ்கி 1894இல் பாஸ்டனிலிருந்து 42 பவுண்டு எடையுள்ள பெண்கள் சைக்கிளில், நீளப் பாவாடையில் புறப்பட்டார். சிகாகோ போய்ச் சேர்ந்ததும் அதை விட்டுவிட்டு 21 பவுண்டு எடையுள்ள ஆண்கள் வண்டிக்கு மாறினார், பாவாடையையும் மாற்றினார். எடை பாதியானதற்குச் சட்டகத்தின் வடிவம் மட்டுமே காரணம் இல்லை, இரண்டும் வேறு வேறு தயாரிப்புகள். ஆனாலும் எது யாருக்கென்று விற்கப்பட்டது என்பதைக் கவனிக்கலாம். நூறு வருடம் கழித்து, 1991–92இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றபோது, லேடீஸ் வண்டிகள் போதாமல் ஜென்ட்ஸ் வண்டியில் ஏறினார்கள். பி. சாய்நாத் எழுதியதில் என்னை நிறுத்திய தகவல் ஒன்று உண்டு. சில பெண்கள் ஜென்ட்ஸ் வண்டியே மேல் என்றார்களாம். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் எடுத்த முயற்சி, 1992 மகளிர் தினப் பேரணி, இயக்கத்தின் சைக்கிள் பாட்டு எல்லாம் அடிக்கடி நினைவுகூரப்படுகின்றன. அந்தப் பார் அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. அது வண்டி பற்றிய விமர்சனம். சுமையும் பிள்ளையும் தூக்கிப் போகிறவர்கள் செய்த விமர்சனம்.

அயர்லாந்துக்காரரான டெர்வ்லா மர்ஃபியின் வண்டியும் ஆண்கள் வண்டிதான். அயர்லாந்திலிருந்து டெல்லி வரை 1963இல் தனியாக சைக்கிளில் வந்த அந்தப் பயணத்தைப் பற்றிய ‘ஃபுல் டில்ட்’ 1965இல் வெளிவந்தது. துணிச்சலுக்காகவே அதைக் கொண்டாடுகிறார்கள். பனி, ஓநாய், கைத்துப்பாக்கி என்று அதற்குத் தீனியும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது புறப்படுவதற்கு முந்தைய வேலைகள். ஆசியச் சாலைகளின் குலுக்கலுக்குத் தாங்காது என்று மூன்று வேக கியரைக் கழற்றிவிட்டார். கியர் இருந்தால் ஏற்றம் சுலபம், ஆனால் கெட்டுப்போனால் சரிசெய்ய வழியில் ஆள் கிடைக்காது. இல்லாத கியர் கெட்டுப்போகாது. மாற்று டயர்களை வழியிலுள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்தார். ரூட் போடுவது என்றால் இதுதான்: வரைபடத்தில் கோடு இழுப்பதோடு முடியாது, எந்த இடத்தில் எது தேய்ந்திருக்கும் என்று கணிப்பது.

ஆனால் அந்தப் பயணத்தின் மிக நீண்ட கட்டத்தை ‘ஃபுல் டில்ட்’ சில வரிகளில் தாண்டிவிடுகிறது. பத்தாவது பிறந்தநாளுக்கு சைக்கிளும் அட்லஸும் பரிசாகக் கிடைத்தபோதே இந்தியாவுக்குப் போவதென்று மர்ஃபி முடிவெடுத்தார். அது 1941. 14 வயதில் பள்ளியை விட்டார், மூட்டுவாதத்தில் முடங்கிய அம்மாவைப் பார்த்துக்கொள்ள. அம்மா இறந்தது 1962இல். இருபத்தோரு வருடம் ரூட் தயாராக இருந்தது, ஆள்தான் கிளம்ப முடியவில்லை. அந்த வருடங்களைத் தெரிந்துகொள்ள அவருடைய தன்வரலாறான ‘வீல்ஸ் வித்இன் வீல்ஸ்’ 1979இல் வரும்வரை வாசகர்கள் காத்திருந்தார்கள். இரண்டு புத்தகங்களையும் சேர்த்துத்தான் ஒரு பயணநூலாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. பயண இலக்கியத்தில் பெண்கள் ஏன் குறைவு என்று கேட்கிறவர்களுக்கு டயரைப் பற்றிய பதிலைவிட இது முக்கியமான பதில்.

வார்டு கடிகாரத்துக்கும் தூரமானிக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். உன் வேகம் உனக்குத் தெரிந்தால் எவ்வளவு தூரம் போய் எப்போது திரும்பலாம் என்பதும் தெரியும். இன்று செயலிகள் அதைச் செய்துவிடுகின்றன, ஏற்றத்தைக்கூடக் காட்டுகின்றன. இருட்டுவதற்குள் எங்கே நிற்பது, எந்த பெட்ரோல் பங்க்கில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கும் என்பதைப் பெண்கள் இன்னும் ஒருவருக்கொருவர் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

வார்டின் புத்தகத்தைத் தமிழில் கொண்டுவர யாராவது முன்வந்தால், அப்படியே மொழிபெயர்க்க வேண்டாம் என்பேன். உடை அத்தியாயத்தில் துப்பட்டா வர வேண்டும், கருவி அத்தியாயத்தில் செயின் கவரைக் கழற்றும் முறை வர வேண்டும், நாக்ஸுக்கு ஒரு பக்கம் வேண்டும். சொல்யூஷன் காயும்வரை காத்திருக்கச் சொன்ன என் மாணவியிடம் பஞ்சர் பகுதியைக் கேட்டு வாங்கலாம். பெடல் கழற்றும் இடத்தில் தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு: வலது பெடலின் மரை வழக்கமானது, இடது பெடலின் மரை தலைகீழ். மற்ற நட்டுகளைப் போல அதையும் இடப்பக்கம் திருகினால் கழறாது, இன்னும் இறுகும்.