வைரத்தில் செய்தாலும் பறக்காத கப்பல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரியாங்குப்பம் வீட்டு மொட்டைமாடியில் நானும் அக்கா மகனும் சேர்ந்து ஒரு பதினைந்து கிலோ எண்ணெய் டின்னைப் பலி கொடுத்தோம். உள்ளே இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தோம். ஆவி நன்றாக வெளியே தள்ளியதும் கீழே இறக்கி மூடியை இறுக்கினோம். கொஞ்ச நேரம் ஒன்றுமே ஆகவில்லை. திடீரென்று 'டொப்'. டின் நான்கு பக்கமும் உள்ளே போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பார்த்த சோதனைதான். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்கு அது சாதாரண டின் இல்லை. அவனுடைய இறுதியாண்டு ப்ராஜெக்ட். மெக்கானிக்கல் படிக்கிறான். தலைப்பு: வெற்றிட வான்கப்பல். "செய்யலாம்டா, கணக்கு வருது" என்று ஊக்கப்படுத்தியது நான்தான். அந்தக் கணக்கில் என்ன தப்பு என்பதுதான் இந்தக் குறிப்பு.

யோசனை மிக எளிமையானது. பலூனில் ஹீலியம் எதற்கு? காற்றைவிட லேசானது என்பதற்காக. அப்படியென்றால் எதுவுமே இல்லாத வெற்றிடம் அதைவிட லேசாயிற்றே? காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கோளம் தானாகவே மேலே போகுமே? 1670-லேயே இத்தாலியப் பாதிரியார் பிரான்செஸ்கோ லானா தே தெர்சி இதைப் படம் போட்டு எழுதிவிட்டார். நான்கு பெரிய செப்புக் கோளங்கள், கீழே ஒரு படகு, அதற்கு ஒரு பாய்மரம். போரில் நகரங்கள்மேல் நெருப்பைக் கொட்டப் பயன்படும் என்பதால் கடவுளே இதை அனுமதிக்கமாட்டார் என்றும் அவரே எழுதினார். கடவுள் வரைக்கும் போகத் தேவையில்லை, செம்பே அனுமதிக்காது.

நான் போட்ட கணக்கு இதுதான். 10 மீட்டர் விட்டமுள்ள அலுமினியக் கோளம். அது ஒதுக்கும் காற்றின் எடை சுமார் 628 கிலோ. சுவர் 0.7 மில்லிமீட்டர் தடிமன் என்றால் கோளத்தின் எடை சுமார் 594 கிலோ. முப்பது கிலோவுக்குமேல் மிச்சம்! சரி, காற்றழுத்தத்தைத் தாங்குமா? சுவரில் வரும் தகைவு சுமார் 360 மெகாபாஸ்கல். விமானங்களுக்குப் பயன்படும் 7075 கலவை கிட்டத்தட்ட 500 வரை தாங்கும். எக்செல் ஷீட்டில் எல்லாக் கட்டமும் பச்சை.

இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எல்லா டெஸ்டும் பாஸ் ஆகிறது என்றால், முக்கியமான டெஸ்ட் ஒன்றை எழுதவே இல்லை என்று அர்த்தம்.

அந்த டெஸ்டின் பெயர் பக்லிங். ஒரு மெல்லிய ஸ்கேலை நிறுத்தி வைத்து மேலிருந்து அமுக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் நசுங்குவதற்கு வெகுகாலம் முன்பே ஸ்கேல் வில்லாக வளைந்துவிடும். பொருள் தோற்கவில்லை, வடிவம் தோற்றது. எங்கள் எண்ணெய் டின்னுக்கு நேர்ந்ததும் அதுதான். கோளத்துக்கான சூத்திரத்தை 1915-லேயே ஸோல்லி என்பவர் கொடுத்துவிட்டார். அதன்படி என் அலுமினியக் கோளம் தாங்கும் வெளியழுத்தம் சுமார் 1,700 பாஸ்கல். வளிமண்டலம் கொடுப்பது 1,01,325 பாஸ்கல். அறுபதில் ஒரு பங்குகூட இல்லை.

"பெருசா பண்ணலாமே மாமா?" என்றான். அதுவும் உதவாது. கோளம் மிதக்க வேண்டும் என்ற நிபந்தனை, தடிமனுக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தைப் பூட்டிவிடுகிறது. பக்லிங் சூத்திரத்திலும் அதே விகிதம்தான் வருகிறது. ஆக, அளவு கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுகிறது. கால்பந்து அளவானாலும் கோயில் கோபுர அளவானாலும் ஒரே விடை.

மிஞ்சுவது பொருளின் குணம் மட்டும். அதன் விறைப்பை, அதாவது யங் குணகத்தை, அடர்த்தியின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். அடர்த்தி இரண்டு முறை தண்டிக்கிறது. அதனால்தான் எஃகு அலுமினியத்தைவிட மோசமான விடை தருகிறது. நமக்குத் தெரிந்த மிக விறைப்பான பொருள்களில் ஒன்றான வைரத்தைப் போட்டுப் பார்த்தேன். சுமார் 18,000 பாஸ்கல். ஒரு வளிமண்டலத்தில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இதெல்லாம் குறையே இல்லாத கோளத்துக்கு. நிஜக் கோளத்தில் ஒரு சின்ன நெளிவு இருந்தாலே இதில் இன்னும் பெரும்பகுதி போய்விடும்.

"கிராஃபீன் இருக்கே மாமா, ஸ்டீலைவிட இருநூறு மடங்கு ஸ்ட்ராங்." இணையத்தில் இதைப்பற்றி வரும் வீடியோக்கள் எல்லாமே இந்த ஒரு வரியில்தான் நிற்கின்றன. என் விமர்சனமும் இந்த வரிமேல்தான். வலிமை டெஸ்டில் அலுமினியமே பாஸ். அந்தக் கேள்விக்கு இருநூறு மடங்கு விடை எதற்கு? கேட்க வேண்டியது விறைப்பு.

அடுத்து ஏரோஜெல். 2013-இல் சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகம் செய்த கிராஃபீன் ஏரோஜெல்லின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 0.16 கிலோ. காற்று 1.2 கிலோ. அப்படியென்றால் அது ஏன் பறக்கவில்லை? துளைகள் முழுக்கக் காற்று இருக்கிறது, அந்த 0.16 எலும்புக்கூட்டின் எடை மட்டும். மேலே ஒரு தோல் போர்த்தி உள்ளிருக்கும் காற்றை எடுத்தால் எலும்புக்கூடு நொறுங்கும். 2017-இல் எம்ஐடி-யில் முப்பரிமாணக் கிராஃபீன் அமைப்புகளை ஆராய்ந்தவர்கள் இதை நேரடியாகவே சொன்னார்கள்: காற்றைவிட லேசாகும் அளவுக்கு அடர்த்தியைக் குறைத்தால் அது சுற்றியுள்ள காற்றழுத்தத்திலேயே சுருங்கிவிடும், ஹீலியத்துக்கு மாற்றாகாது.

அந்த 0.16 என்ற எண்ணை இன்னொரு முறை பாருங்கள். ஹீலியத்தின் அடர்த்தியும் கிட்டத்தட்ட அதுதான், ஒரு கன மீட்டருக்கு 0.17 கிலோ. அதே எடையில் ஏரோஜெல் நொறுங்குகிறது, ஹீலியமோ ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன் அமுக்கத்தை உள்ளிருந்து அலட்டிக்கொள்ளாமல் எதிர்த்து நிற்கிறது. இத்தனை நாளாக ஹீலியத்தை 'லேசான நிரப்பு' என்றுதான் நினைத்திருந்தேன். அது நிரப்பு இல்லை, தூண். உள்ளே இப்படி ஒரு வாயுத் தூண் நிற்பதால்தான் ஹைதராபாத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன்களுக்கு மெல்லிய பாலித்தீன் தோல் போதுமானதாக இருக்கிறது. 2025 மே 3-ஆம் தேதி ஆக்ராவின் டிஆர்டிஓ ஆய்வகம் மத்தியப் பிரதேசத்தின் ஷியோபூரிலிருந்து ஒரு வான்கப்பலைச் சுமார் 17 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பியதே, அங்கேயும் உள்ளே வாயுதான்.

இந்தத் தூணை எடுத்துவிட்டால் லாபம் எவ்வளவு? ஒரு கன மீட்டர் ஹீலியம் தூக்குவது சுமார் 1.03 கிலோ, ஹைட்ரஜன் 1.12, வெற்றிடம் 1.2. ஆக மொத்தப் பரிசே ஹைட்ரஜனைவிட ஏழு சதவீதம், ஹீலியத்தைவிடப் பதினாறு சதவீதம் கூடுதல். அதற்காக வைரத்தையே தோற்கடிக்கும் சுவரைத் தேடுகிறோம்.

நியாயமாக எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். வெற்றிடம் கசிந்து தீர்ந்துபோகாது, திரும்பப் பம்ப் செய்துகொள்ளலாம். நம் நாடு ஹீலியத்தைக் கிட்டத்தட்ட முழுக்க இறக்குமதி செய்கிறது என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. என் கணக்கு ஒரே கனமான சுவருக்கு மட்டும்தான். அட்டைப்பெட்டியைப்போல இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே தேன்கூட்டு அமைப்பை வைத்தால் எடை ஏறாமல் விறைப்பு ஏறும். அக்மெத்தெலி, கவ்ரிலின் இருவரும் 2021-இல் வெளியிட்ட கட்டுரையில், போரான் கார்பைடு தகடும் அலுமினியத் தேன்கூடும் சேர்ந்தால் காகிதத்தில் கணக்கு தேறுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். அந்தத் தகட்டைப் பழுதில்லாமல் கோளமாக வளைத்து ஒட்டுவது வேறு வேலை.

டின்னைக் கையில் வைத்துக்கொண்டு அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. தலைப்பைக் கல்லூரியில் கொடுத்தாகிவிட்டது. "நீங்கதானே மாமா வரும்னு சொன்னீங்க" என்றான். ஆமாம், நான்தான் சொன்னேன். பதில் சொல்ல எதுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து அவனே போன் செய்தான். தலைப்பை மாற்றவில்லையாம், கேள்வியைத்தான் மாற்றியிருக்கிறான். மெல்லிய கோள ஓடுகளில் வேண்டுமென்றே சிறு பள்ளங்கள் போட்டு, எந்தப் பள்ளத்துக்கு எவ்வளவு அழுத்தத்தில் உள்வாங்குகிறது என்று அளக்கப்போகிறான். ஒரு பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் கிடைத்தால் வெற்றிடப் பம்பாக மாற்றிக்கொள்ளலாம் என்றான். வில்லியனூர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். எக்செல் ஷீட்டை இந்த முறை அவனே எழுதுகிறான்.