பட்டமும் பங்காளிகளும்: சீன அரசகுலத்தின் படிநிலைகள்

பேரரசருக்குப் பின் ஒரு மகன்தான் அரியணை ஏறுவான். மற்ற மகன்களை என்ன செய்வது? சீனத்தின் ஒவ்வொரு வம்சமும் இந்தக் கேள்விக்கு விடை தேடியது. இளவரசுப் பட்டங்களின் வரலாறு அந்த விடைகளின் வரலாறுதான்.

சௌ வம்சக் காலத்திலிருந்து வழிவந்த கோங், ஹௌ, போ, சி, நான் என்ற ஐந்து பட்டங்களே பிற்கால மரபுகளுக்கெல்லாம் அடிப்படை. அன்று பட்டம் என்றால் மண்ணும் குடிகளும் படையும் சேர்ந்ததே. ஹான் வம்சத்தை நிறுவிய லியு பாங்கும் அந்த வழியில் தம் குலத்தாருக்கு நாடுகளைப் பிரித்துக் கொடுத்தார். கி.மு. 154-இல் அந்தப் பங்காளிகளில் ஏழு பேர் அரியணைக்கு எதிராகவே படை திரட்டினார்கள். கிளர்ச்சி சில மாதங்களில் அடங்கிவிட்டது, அச்சம் அடங்கவில்லை.

கி.மு. 127-இல் பேரரசர் ஊ, அமைச்சர் சூஃபூ யானின் யோசனைப்படி ஓர் ஆணை பிறப்பித்தார். இளவரசர்கள் மூத்தவனுக்கு மட்டுமன்றி எல்லா மகன்களுக்கும் நிலத்தைப் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்றது அது. கேட்பதற்குக் கருணையான ஆணை. இளைய மகன்கள் ஹௌ பட்டம் பெற்று மகிழ்ந்தார்கள். அவர்கள் பங்கு நிலமோ மைய அரசின் மாவட்டங்களுக்குள் போய்ச் சேர்ந்தது. தலைமுறைக்குத் தலைமுறை நாடுகள் சிறுத்தன. வாளெடுக்காமல் சாதித்த இந்த ஆணையைச் சீன ஆட்சிக்கலையின் உச்சங்களில் ஒன்றாகவே மதிக்கிறேன்.

மிங் மரபு வேறு பாதையில் போனது. அதன் முதல் பேரரசர் எல்லைக் காவலுக்கு மகன்களையே நிறுத்தினார். அவர்களில் ஒருவரான யான் இளவரசர் சூ தி, 1399-இல் போர் தொடங்கி 1402-இல் அண்ணன் மகனின் அரியணையைக் கைப்பற்றினார். அப்படி வந்தவருக்கு மற்ற இளவரசர்களிடம் படை இருப்பதன் ஆபத்து தெரியாதா? படை பறிபோனது, தானியப் படி மட்டும் தொடர்ந்தது. அரசகுலத்தார் உழவோ வணிகமோ செய்யக் கூடாது. அனுமதியின்றி நகரை விட்டு வெளியேறவும் கூடாது. எட்டுப் படிகளாக இறங்கும் பட்டங்களில் கடைசிப் படி வற்றவே இல்லை. எத்தனையாவது தலைமுறையானாலும் ஆண்மகன் ஒவ்வொருவருக்கும் அது உண்டு. 1562-இல் லின் ருன் என்ற அதிகாரி கணக்கை அவையில் வைத்தார். தலைநகருக்கு ஆண்டுதோறும் வந்து சேரும் தானியம் 40 லட்சம் ஷி (ஷி ஒரு தானிய அளவை). அரசகுலத்தாருக்குத் தர வேண்டியதோ 85 லட்சம் ஷிக்கும் மேல். உழைக்கத் தடை விதித்துவிட்டுச் சோற்றுக்கு அரசை எதிர்பார்க்க வைத்தது கொடுமை. கடைநிலைக் குலத்தார் பலர் வறுமையில் வாடினார்கள்.

இதையெல்லாம் கண்ட சிங் மரபு இளவரசர்களைத் தலைநகரிலேயே வைத்துக்கொண்டது. சின்வாங், ஜுன்வாங், பெய்லெ, பெய்சி என்று இறங்கும் வரிசையில், பொதுவாகத் தந்தையின் பட்டம் மகனுக்கு ஒரு படி குறைந்தே கிடைக்கும். சின்வாங் வழியினர் ஐந்தாம் தலைமுறையில் கோங் நிலைக்கு வந்து, அதற்குக் கீழே இறங்காமல் நிற்பார்கள். வாரிசல்லாத மகன்கள் மஞ்சு மொழியிலும் வில்வித்தையிலும் நடக்கும் தேர்வில் தேறியே பட்டம் பெற வேண்டும். பிறப்பால் மட்டும் வராத சிறப்பை அரசகுலத்துக்குள்ளேயே புகுத்திய இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. உடையிலும் தரம் தெரியும்: சின்வாங்கின் மேலங்கியில் நான்கு வட்டச் சின்னங்கள், பெய்லெக்கு இரண்டு, சாதாரண அதிகாரிக்குச் சதுரச் சின்னம்.

இறங்காத பட்டங்களும் உண்டு. ‘இரும்புத் தொப்பி’ இளவரசர்கள் என்று பெயர் பெற்றவை தொடக்கத்தில் எட்டுக் குடும்பங்கள். பிறகு நான்கு சேர்ந்தன. இவற்றில் ஒன்றான, சிங் மரபுக்கு நாட்டை வென்று தந்த இளவரசர் டோர்கோனின் பட்டம் அவர் இறந்த பின் 1651-இல் பறிக்கப்பட்டது. 1778-இல் சியென்லோங் பேரரசர் அதை மீட்டுக் கொடுத்தார்.

இத்தனைக்கும் அப்பால் ஒரு பட்டம் தனியே நிற்கிறது. கன்ஃபூசியஸின் வழித்தோன்றல்களுக்கு 1055-இல் சோங் பேரரசர் அளித்த யான்ஷெங் கோங் பட்டம், இடையில் சிறுகாலம் பெயர் மாறினாலும், பல வம்சங்களைக் கடந்தது. பேரரசு 1912-இல் முடிந்த பிறகும் நிலைத்த அதை 1935-இல் குடியரசு ஒரு வழிபாட்டு அதிகாரியின் பதவியாக மாற்றியது. அப்போது அதை வகித்தவர் 77-ஆம் தலைமுறையைச் சேர்ந்த கோங் தேசெங்.